லித்தியம் சாப்பிட்டால் மூளை தேய்ந்துவிடுமா?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகனை என்னிடம் அழைத்து வருகிறார். மகனுக்கு இருதுருவ மனநோய். பைபோலார் என்றால் சிலருக்குத் தெரியும். கொஞ்ச காலம் தூக்கமே இல்லாமல் பேச்சும் செலவுமாகக் கரைபுரளும். அப்புறம் மாதக்கணக்கில் பாயை விட்டு எழ மனம் வராது. ஒன்பது வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். போன மாதம் மகன் வெளியே போனதும் அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டாக்டர், இத்தனை வருசமா இதையே போட்டா மூளை தேஞ்சிடாதுங்களா?"

கேட்டது நல்லதாகப் போயிற்று. இந்தப் பயத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

லித்தியம் பாறையிலும் மண்ணிலும் இருக்கிற பொருள். அதன் உப்பைத்தான் மாத்திரையாகத் தருகிறோம். தூக்கமில்லாமல் கரைபுரளும் அந்த மனவெழுச்சியை அது அடக்குகிறது என்று 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். எழுபது வருடத்துக்கு மேல் பழகிய மருந்து இது.

சரி, மூளைக்கு வருவோம். இருதுருவ நோய் உள்ளவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளையின் மேலுறை பிறரைவிடச் சற்று மெலிந்திருப்பது தெரிகிறது. லித்தியம் சாப்பிடுகிறவர்களிடம் அந்த மெலிவு குறைவு. 2000-இல் அமெரிக்காவில் 10 பேருக்கு நான்கு வாரம் லித்தியம் கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். 8 பேருக்கு மூளையின் சாம்பல் நிறப் பகுதி ஏறக்குறைய 3 சதவீதம் கூடியிருந்தது. அதில் நீர்ச்சத்து மாற்றமும் கலந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நரம்பணுக்களைக் காக்கும் புரதங்களை லித்தியம் கூட்டுகிறது என்பது ஆய்வகத்தில் பலமுறை பார்த்தது. ஆக, சரியான அளவில் இருக்கும் வரை லித்தியம் மூளையைத் தேய்க்கிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. காக்கிறது என்று சொல்லத்தான் ஆதாரம் சேர்ந்து வருகிறது.

தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். டீ தம்ளரைப் பிடித்தால் விரல் லேசாக நடுங்கும். சிலர், "வார்த்தை கொஞ்சம் லேட்டா வருதுங்க" என்பார்கள். தாகம் எடுக்கும். தைராய்டும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துப் பார்ப்போம்.

நான் உண்மையில் பயப்படுவது ரத்தத்தில் அளவு ஏறுவதற்கு. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் விஷம். கடுமையாக ஏறினால் சிறுமூளை கெட்டு, நடைத் தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் நிலைத்துவிடக்கூடும்.

நம் ஊர் வெயிலில் இது சுலபமாக நடக்கும். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் பறிக்கும் ஒருவர், வைகாசி வெயிலில் நாள் முழுக்க வியர்த்து, வயிற்றுப்போக்கும் வந்து, கைவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாக்கு குழறியது, கால் நிற்கவில்லை. நல்லவேளை, தேறிவிட்டார். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் உப்போடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அளவை ஏற்றும். வாந்தி, பேதி வந்தால் அன்றே டாக்டரைக் கேளுங்கள். ரத்த அழுத்தம் என்று உப்பைத் திடீரென்று நிறுத்துவதானாலும் முதலில் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் போங்கள்.

அந்த மகனிடம் ஓரம் மடங்கிய ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, லித்தியம், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின், தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். எல்லாம் மண்டிக் கணக்கு மாதிரியே கோடு போட்டு எழுதியிருக்கிறார். கடைசி வரியில் லித்தியம் 0.7. அதைத்தான் அம்மாவிடம் காட்டினேன். விரலை வைத்து மெதுவாகப் படித்துவிட்டு, "அடுத்து எப்பங்க ரத்தம் எடுக்கணும்?" என்று கேட்டார்.