வாசலில் ஒரு முருங்கை

வணக்கம். மொரீசியஸ் கிராமத்தில் குடியேறிய அனுபவத்தை வானொலியில் பேசச் சொல்லி அழைத்தார்கள். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? வந்தவள் எங்கெங்கே முழித்தாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சரி, சிரிக்கட்டுமே என்றுதான் வந்தேன்.

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் வேலைக்காக வந்து, ஃப்ளாக் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு பிடித்தோம். மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பாதியில் நின்றுபோன வீடு போலிருக்கிறது, வாடகையைக் குறைத்துக் கேளுங்கள் என்றேன். பையன் தலையெடுத்து மேலே ஒரு மாடி கட்டட்டும் என்று விட்டுவைப்பது என்று பிறகு தெரிந்தது. நாங்கள் வந்தது மே மாதம். மூன்று பக்கமும் ஆளை மறைக்கும் கரும்பு. வெட்டு முடிந்து ஒருநாள் காலை காபித் தம்ளரோடு வெளியே வந்தால், எதிரே ஒரு மலை! அத்தனை மாதமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்புறம் தோட்டம். எங்கள் ஊரில் மண்வெட்டியை இரண்டு போடு போட்டால் குழி. இங்கே முதல் போட்டிலேயே 'ணங்' என்று கல். எரிமலைக் கல். கரும்புக் காடுகளுக்கு நடுவே கோபுரம் போல் கற்குவியல் நிற்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் முதுகுதான் எனக்கு நினைவுக்கு வரும். நான் ஒரு குழிக்கே கடப்பாரை இரவல் வாங்கினேன்.

இரவல் தந்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. மறுநாள் ஒரு கட்டுக் கீரையோடு வந்து "பிரேத் மூரூம்" என்றார். பிரேத் என்றதும் எனக்குத் திக்கென்றது. கட்டைப் பிரித்தால் முருங்கைக்கீரை! இங்கத்துக் கிரியோல் மொழியில் பிரேத் என்றால் கீரையாம். முருங்கைதான் தேய்ந்து மூரூம் ஆகியிருக்கிறது. கறிவேப்பிலை கரிப்பூலே, பீர்க்கங்காய் பிப்பங்காய். தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத பாட்டியின் சமையற்கட்டில் தமிழ் அத்தனையும் இருந்தது. அன்றைக்குத்தான் அந்த வீடு எனக்கு வீடானது.

கீரையோடு ஒரு முருங்கைப் போத்தும் தந்தார். எங்கே நடுவது? வாசலில் முருங்கை வைத்தால் வேதாளம் ஏறும் என்று ஊரிலிருந்து அம்மா போனில் ஒரே பிடிவாதம். கொல்லைப்பக்கம் போனேன். பாட்டி கையைப் பிடித்து இழுத்து "திவான், திவான்" என்றார். எந்த சமஸ்தானத்துத் திவான் என்று நான் விழிக்க, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கும் பேத்திதான் சொன்னாள்: "காற்று, ஆன்ட்டி." தென்கிழக்குக் காற்று எங்கள் கொல்லையில்தான் வந்து மோதும். முருங்கையோ ஊதினால் முறியும் மரம். வீட்டின் மறைவு எங்கே கிடைக்கிறது? வாசலில். அம்மாவிடம் சொல்லவில்லை, நட்டுவிட்டேன்.

அது தலைக்கு மேல் தழைத்து நின்ற சனவரியில் புயல் எச்சரிக்கை. ஒன்று, இரண்டு என்று எண் ஏறுவதையும், நாலு என்றால் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கிவிட்டது என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதெல்லாம் புதிது. நான் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தேன். பாட்டி கத்தியோடு வந்தார். முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டிச் சாய்த்தார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கரோல்" என்றார், அவ்வளவுதான். 1960 கரோல் புயலில் கூரை பறந்தபோது அவருக்குப் பத்து வயதாம். பறந்து வரும் கிளை மனிதரைவிடப் பொல்லாதது என்று பேத்தி மொழிபெயர்த்தாள். ஒடித்து வளர்க்க வேண்டிய மரம் முருங்கை என்று பழமொழி சொல்லியே வளர்ந்தவள் நான். கத்தியை எடுக்க அவர் வரவேண்டியிருந்தது, பாருங்கள்.

புயல் போன இரண்டே வாரத்தில் அந்தக் கட்டையில் துளிர். இப்போது யார் புதிதாக வந்தாலும் நான் முதலில் கேட்பது அதுதான்: உங்கள் வீட்டுக்குத் திவான் எந்தப் பக்கம்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டே நிமிடம். வெயிலைப் பற்றிப் பெரிதாகப் பேச வைத்திருந்தேன், போகட்டும். ஒன்று மட்டும்: ஜூலையில் உச்சி வெயில் இங்கே வடக்கே சாய்ந்திருக்கும். நான் ஊர் வழக்கப்படி வீட்டுக்குத் தெற்கே வடாம் பிழிந்து, மூன்று நாள் நிழலைக் காவல் காத்தேன். பொங்கல் கரும்பு கதை... இல்லை, ஒரு விரல் ஆகிவிட்டது. வருகிறேன், வணக்கம்.