கூடிப் பேசினாலும் புது யோசனை வரமாட்டேங்குதே, ஏன்?

அடுத்த கேள்வி மஸ்கெலியா பக்கமிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன். "எங்க தேயிலைத் தோட்ட டிவிஷன்ல அஞ்சு பேர் சேர்ந்து சின்னதா தொழில் ஒன்னு தொடங்கப் பாக்குறோம். தையல் மெசின் ரெண்டு இருக்கு. கடையில இல்லாத சாமான் ஒன்னு செய்யணும்னு ஞாயித்துக்கிழமைகள்ல கூடிக் கதைக்கிறோம். எப்படிக் கதைச்சாலும் ஸ்கூல் பேக், தலகாணி உறை, பிளவுஸ் இதுலயே வந்து நிக்குது. புதுசா யோசிக்கிறதுக்கு பிறவியிலயே ஒரு திறமை இருக்கணுமா?"

அப்படியெல்லாம் இல்ல தங்கச்சி. நீங்க கூடுற விதத்துல ஒரு கோளாறு இருக்கு. யோசனையைத் தேடுற இடமும் பிழை. ரெண்டையும் சொல்றேன்.

அஞ்சு பேர் உக்காந்தா என்ன நடக்கும்? வயசுல மூத்தவங்க ஒருத்தர் முதல்ல "பேக் தைப்போமே"ன்னுவாங்க. அதோட மத்த நாலு பேர் மண்டையிலயும் பேக்தான் ஓடும். சின்னவ ஒருத்தி வேற ஏதாவது சொல்ல வாயெடுத்தா, "அதை யாரு வாங்குவா?"ன்னு ஒரு குரல். அவ்வளவுதான், அவ அதுக்கப்புறம் வாய் திறக்கமாட்டா.

கூடி உக்காந்து யோசனை கொட்டுற முறையை, பிரெய்ன்ஸ்டோமிங்னு சொல்றாங்களே, பிரபலமாக்கினவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன். அமெரிக்காவுல விளம்பரக் கம்பெனி நடத்தினவர். 1953ல இதைப் புத்தகமாவே எழுதினார். அவர் போட்ட முதல் சட்டமே, யோசனை வர்ற நேரத்துல யாரும் குறை சொல்லக்கூடாதுங்கிறது. எவ்வளவு கிறுக்குத்தனமா இருந்தாலும் பரவாயில்ல, நிறைய வரட்டும், ஒருத்தர் சொன்னதுல இன்னொருத்தர் ஏறிக்கலாம்னார். நல்ல சட்டம்தான். ஆனா 1958ல யேல் பல்கலைக்கழகத்துல சோதிச்சுப் பார்த்தா, நாலு பேர் ஒன்னா உக்காந்து சொன்னதை விட, நாலு பேர் தனித்தனியா எழுதினதைச் சேர்த்தப்போ கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு யோசனை வந்திருக்கு. 1987ல ஜேர்மனியில ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதுக்குக் காரணம் தேடினாங்க. ஒருத்தர் கதைக்கும்போது மத்தவங்க தங்களோட முறைக்குக் காத்திருக்கணும். காத்திருக்கிற நேரத்துல மனசுல வந்தது நழுவிப் போயிருது. முக்கியமான காரணம் அதுதான்.

அதனால முதல்ல எழுதுங்க, பிறகு கதைங்க. ஆறு-மூணு-அஞ்சுன்னு ஒரு முறை இருக்கு, 1968ல ரோர்பாக்னு ஒரு ஜேர்மன்காரர் கொண்டுவந்தது. ஆறு பேர், ஆளுக்கு மூணு யோசனை, அஞ்சு நிமிஷம். நேரம் முடிஞ்சதும் தாளை அடுத்த ஆளுக்குத் தள்ளணும். அவங்க அதை வாசிச்சுட்டு, அதுக்குக் கீழ இன்னும் மூணு எழுதணும். நீங்க அஞ்சு பேர்தான்? பரவாயில்ல, அஞ்சு சுத்து போனா 75 யோசனை. அதுல அறுபது குப்பையா இருக்கும், இருக்கட்டும். எழுதத் தயங்குற ஆள் இருந்தா படம் கீறச் சொல்லுங்க. முக்கியமா, அந்த அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கக்கூடாது. நம்ம ஆட்களுக்கு இதுதான் கஷ்டம்!

சரி, எதைப் பத்தி எழுதுறது? இதுதான் பெரிய விஷயம். "புதுசா என்ன செய்யலாம்?"னு கேட்டா மனசுல வர்றது எல்லாம் கடையில பார்த்ததாத்தான் இருக்கும். கேள்வியை மாத்துங்க. யாரு எதை ஒட்டுப்போட்டு, முடிச்சுப்போட்டு, சமாளிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு பாருங்க. எரிக் வான் ஹிப்பல்னு ஒரு பேராசிரியர் காலம்பூரா சொன்னது இதைத்தான். கம்பெனிக்கு முன்னாடியே, அந்தச் சாமானைத் தினமும் பாவிக்கிறவங்க தாங்களாவே அதை மாத்தி வச்சிருப்பாங்க.

உங்களுக்கு அதுக்கு வெளியூர் போகவேண்டியதில்ல. கொழுந்து பறிக்க மலைக்குப் போற அக்காமாரைப் பாருங்க. இடுப்புல படங்கு கட்டுறாங்க இல்லியா, காலையில செடி ஈரம் படாம, கம்பு கிழிக்காம. அதைக் கயித்தால இறுக்கிக் கட்டினா இடுப்புல பதியும். அதனால சிலர் கயித்துக்கு அடியில பழைய துவாய்த் துண்டை மடிச்சு வச்சிருப்பாங்க. கூடை கயிறு தலையில அழுத்தாம இருக்கவும் துணி மடிச்சு வைக்கிறாங்க. மழை பெஞ்சா படங்கு மேல வழியிற தண்ணி நேரா முழங்காலுக்குக் கீழ இறங்கும். போனை எங்க வைக்கிறாங்க? நெஞ்சுக்குள்ள, ஷொப்பிங் பேக்ல சுத்தி. அந்தத் துவாய்த் துண்டு, அந்த ஷொப்பிங் பேக், ஒவ்வொன்னும் யாரோ ஒருத்தரோட பாதி முடிஞ்ச கண்டுபிடிப்பு. மிச்சப் பாதியைத் தைக்க உங்ககிட்ட மெசின் இருக்கு.

இனி ஆஸ்போர்ன் குடுத்த இன்னொரு ஆயுதத்தை எடுங்க. அவர் ஒரு கேள்விப் பட்டியல் போட்டார். மாத்தினா என்ன, பெருசாக்கினா, சிறுசாக்கினா, ரெண்டைச் சேர்த்தா, தலைகீழாக்கினா? படங்கை வச்சே கேளுங்க. கயித்துக்குப் பதிலா அகலமான பட்டி வச்சா? முடிச்சுக்குப் பதிலா ஒட்டுற வெல்க்ரோ? தண்ணி வெளிப்பக்கம் வழியிற மாதிரி ஓரத்தை மடிச்சுத் தைச்சா? மழைக்கோட்டோட சேர்த்தா? போனுக்கும் வெத்திலைக்கும் நனையாத பை? இப்ப பாருங்க, பிளவுஸ் மறந்தே போச்சு.

தேயிலையிலயே இப்படி நடந்திருக்கு. கொழுந்தை உருட்டித் திருகுறதுதான் பழைய வழி. 1930களின் தொடக்கத்துல அசாம்ல மெக்கர்ச்சர்னு ஒரு துரை, பல்லு வச்ச உருளைகளுக்கு நடுவுல அதை வெட்டிக் கிழிச்சுச் சுருட்டுற மெசின் ஒன்னைக் கொண்டுவந்தார். வெட்டு, கிழி, சுருட்டுங்கிறதுக்கான இங்கிலீஷ் சொல்லுகளோட முதல் எழுத்துதான் சீடிசி. சீடிசி தேயிலைத் தூள் அப்படி வந்ததுதான், சீக்கிரம் சாயம் இறங்கும். நம்ம நாட்டுல இன்னும் பெரும்பாலும் பழைய வழிதான், அது வேற கதை.

75ல எதை எடுக்கிறதுங்கிறதுக்கு அதிகம் மண்டையைக் குழப்பாதீங்க. உங்க மெசின்ல தைக்க ஏலுமா, துணி ஹட்டன்லயே கிடைக்குமா, காசு யாரு குடுப்பா? கடைசிக் கேள்வியில மட்டும் கவனமா இருங்க. பாவிக்கிற ஆளும் வாங்குற ஆளும் ஒன்னா இருக்கணும்னு இல்ல. அக்கா பாவிப்பாங்க, காசு தோட்ட நிர்வாகம் குடுக்கலாம், இல்ல சங்கம் குடுக்கலாம். விலை போட முன்ன அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.

நூறு தைக்காதீங்க. மலிவான துணியில ஒன்னே ஒன்னு தைச்சு, வாயாடி அக்கா ஒருத்தர்கிட்ட குடுங்க, ஒரு வாரம் மழையில கட்டிப் பார்க்கட்டும். "எப்படி இருக்கு?"ன்னு கேட்காதீங்க, முகத்துக்காக நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. திருப்பித் தாங்கன்னு கேளுங்க. குடுக்க மனசில்லாம இழுத்தாங்கன்னா ரெண்டாவதைத் தைக்கத் தொடங்குங்க. உடனே எடுத்து நீட்டினாங்கன்னா, எந்த இடத்துல தேஞ்சிருக்கு, எதை அவங்களே பிரிச்சு மாத்தியிருக்காங்கன்னு பாருங்க, அடுத்தது அங்க இருந்து தொடங்கட்டும்.

சரி, இனி பண்டாரவளையில இருந்து வந்த கேள்விக்குப் போவோம்.