எட்டு கேட்டம், அஞ்சு தந்தான்

சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். ஏற்பாடு செய்த தம்பி எனக்கு அரை மணித்தியாலம் எண்டுதான் முதல்ல சொன்னவர், பேந்து இப்ப மேடைக்கு ஏறேக்க காதுக்குள்ள வந்து "இருபது நிமிசத்தில முடிச்சிடுங்கோ அண்ணை, தேத்தண்ணி ஆறிப்போயிடும்" எண்டு சொல்லிட்டுப் போறார். பாருங்கோ, நான் கதைக்க வந்ததும் அதைத்தான், கனகாலம் கிடைக்கும் எண்டு நம்பி இருந்தவனுக்குக் கொஞ்சத்தைக் குடுத்து அனுப்பிறதைப் பற்றி.

ஐஸ் ஹொக்கி எண்டவுடனே பின்வரிசையில ரெண்டு மூண்டு பேர் ஃபோனைக் கையில எடுத்திட்டினம், எனக்கு இஞ்ச நிண்டே தெரியுது. வைச்சிட்டுக் கேளுங்கோ, இது பக் எண்டிற ரப்பர் வில்லையை அடிக்கிற கதை இல்லை, கோவப்படுற கதை, அது எங்களுக்கு எல்லாருக்கும் வரும்.

2019 பெப்ரவரி 5, செவ்வாய்க்கிழமை. நான் அப்ப ஸ்காபரோவில ஒரு வெயர்ஹவுஸில வேலை. லஞ்ச் ரூமில சோத்துப் பெட்டியைத் திறக்கேக்க எல்லாற்ற ஃபோனும் ஒரே நேரத்தில கத்துது. ஒஸ்டன் மத்யூஸ் கையெழுத்து வைச்சிட்டான். எங்கட ரொறொன்ரோ ஹொக்கி டீம் மேப்பிள் லீஃப்ஸோட அஞ்சு வருஷம், வருஷத்துக்குச் சராசரி 11.634 மில்லியன் டொலர், மொத்தம் 58 மில்லியனும் சொச்சமும். பெடியனுக்கு அப்ப வயசு 21. என்ர பக்கத்தில இருந்த நியூஃபவுண்ட்லாண்ட்காரர் ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், சாண்ட்விச்சை அப்பிடியே வைச்சிட்டு "அஞ்சோ? ஏன் எட்டில்லை?" எண்டு கேட்டார், அதுவும் என்னைப் பார்த்து, நான் ஏதோ அவன்ர ஏஜன்ட் மாதிரி. இன்னொரு பிலிப்பீனோ பெடியன் "11.634, கடைசியில 34, அவன்ர ஜேர்சி நம்பர்!" எண்டு துள்ளுறான். எங்கட யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர், ஹொக்கியே பார்க்காதவர், நிமிர்ந்து பார்த்து "எவ்வளவு காசு எண்டனீ?" எண்டு ஒருக்காக் கேட்டார், நான் சொன்னன், அவர் திரும்பிக் குனிஞ்சு சாப்பிடத் தொடங்கிட்டார். அண்டைக்கு அந்த ரூமில நிதானமா நடந்தது அவர் ஒருத்தர்தான் எண்டு இப்ப நினைக்கிறன்.

சரி, ஏன் அந்த "அஞ்சோ?" அதை விளங்கினால்தான் மிச்சம் விளங்கும். அப்ப ஒரு டீம் தன்ர ஆளோட ஆகக்கூடப் போடக்கூடினது எட்டு வருஷ ஒப்பந்தம். லீஃப்ஸ் கடைசியா லீக்கின்ர பெரிய கோப்பையான ஸ்டான்லி கப்பைத் தூக்கினது 1967 இல. நீங்கள் ஒவ்வொரு நாளும் கோப்பி வாங்கிற கடையின்ர பேர் இருக்கே, ரிம் ஹோர்ட்டன், அந்த மனுசன் அந்த 67 டீமில விளையாடினவர். எங்களுக்கு கப் போய் கோப்பிக் கப் மட்டும் மிஞ்சின கதை அது. அப்பிடிக் காய்ஞ்சு கிடந்த ஊருக்கு 2016 ட்ராஃப்ட்ல, டீம்கள் புதுப் பெடியளைத் தெரிவுசெய்யிற நாளில, முதலாவது ஆளா இவன் வாறான். கலிஃபோர்னியாவில பிறந்து அரிசோனாப் பாலைவனத்தில வளர்ந்த பெடியன், அங்க ஐஸ் எண்டால் சோடாவுக்குள்ள போடுறதுதான், 2016 ஒக்டோபர்ல ஒட்டாவாவுக்கு எதிரா முதல் மெட்ச் விளையாடி, முதல் மெட்ச்சிலயே நாலு கோல் அடிச்சான். நாலு கோல் அடிச்ச மெட்ச்சிலயும் நாங்கள் ஓவர்டைமில 5-4 எண்டு தோத்தது வேற விஷயம், லீஃப்ஸ் ஆக்களுக்கு அதெல்லாம் பழக்கம்.

இப்ப NHL எண்டிற இந்த ஹொக்கி லீக்கில ஒரு ஏற்பாடு இருக்கு. புதுசா வாற பெடியனுக்கு முதல் மூண்டு வருஷம் ஒரு சின்னக் கொன்ட்ராக்ட். அது முடிஞ்சாலும் அவன் சுதந்திரப் பறவை இல்லை, டீமுக்குத்தான் உரிமை, வேற டீம் ஏதும் ஒஃபர் குடுத்தாலும் பழைய டீம் அதே காசைக் குடுத்து அவனைப் பிடிச்சு வைச்சிருக்கலாம். ஏழு சீசன் முடியவேணும், இல்லாட்டி 27 வயசு ஆகவேணும், அப்பதான் விரும்பின இடத்துக்குப் போகலாம். கணக்குப் பாருங்கோ, மத்யூஸுக்கு அந்த ஏழு சீசன் 2023 இல முடியுது. அப்ப அந்த அஞ்சு வருஷக் கொன்ட்ராக்டில நாலு வருஷம் எப்பிடியும் எங்கட பிடிக்குள்ள இருந்த வருஷங்கள்தான். லீஃப்ஸ் உண்மையில அவன்ர சுதந்திரத்தில வாங்கினது ஒரேயொரு வருஷம். எட்டு எண்டு போட்டிருந்தால் நாலு வருஷம் வாங்கியிருக்கலாம். மற்றப் பக்கம் எட்மன்டனில கொன்னர் மக்டேவிட், உலகத்திலயே திறமானவன், 2017 இல எட்டு வருஷத்துக்கு 100 மில்லியன் எண்டு கையெழுத்து வைச்சவன், வருஷத்துக்கு 12.5. சந்தையில ஒரு நியாயம் இருக்குத்தானே, கன நாளைக்கு எடுத்தால் விலை கூட, கொஞ்ச நாளைக்கு எடுத்தால் குறைவு. இவன் கொஞ்ச நாளைக்கும் எடுத்தான், விலையையும் குறைக்கேல்ல. அதில சனத்துக்குக் கோவம் வந்தது எண்டால் அது விசர்க் கோவம் இல்லை, கணக்குத் தெரிஞ்சவன்ர கோவம்.

எனக்கும் வந்தது, மறைக்கேல்ல. அண்டு இரவு என்ர மகனோட சண்டை. அவனுக்கு அப்ப பதினாலு வயசு, கிறிஸ்மஸுக்குத்தான் 34 போட்ட ஜேர்சி வாங்கிக் குடுத்தனான், விலை சொன்னால் மனுசிக்கு இண்டைக்கும் கோவம் வரும், அவவும் இஞ்ச இருக்கிறா, அதால சொல்லேல்ல. நான் சொன்னன், இவன் 2024 இல அரிசோனாவுக்கு ஓடப் போறான், அதுக்குத்தான் அஞ்சு வருஷம். மகன் கேட்டான், "அப்பா, நீங்கள் வேலை செய்யிற இடத்தில எட்டு வருஷம் இருக்கிறன் எண்டு எழுதிக் குடுப்பீங்களோ?" நான் "அது வேற, இது வேற" எண்டன். எப்பிடி வேற எண்டு எனக்கே சொல்லத் தெரியேல்ல, டிவியைக் கூட்டி வைச்சன்.

அவன் கேட்டதுக்குப் பதில் தேடித்தான் இவ்வளவு காலமும். பெடியன்ர பக்கம் நிண்டு பாருங்கோ. 2005 இல இந்த லீக்கில சலரி கேப் கொண்டு வரேக்க ஒரு டீம் சம்பளத்துக்கு மொத்தமாச் செலவழிக்கக் கூடியது 39 மில்லியன். 2018-19 இல அது 79.5 மில்லியன், ரெண்டு மடங்கு. விலை ஏறிக்கொண்டு போற காணியை ஆரும் எட்டு வருஷக் குத்தகைக்கு இண்டைய விலையில குடுப்பினமோ? அஞ்சு வருஷம் கழிச்சு 26 வயசில, உடம்பு உச்சத்தில இருக்கேக்க, திரும்ப ஒருக்கா விலை பேசலாம். முழங்கால் ஒருக்காப் போனால் எல்லாம் போச்சு எண்டிற தொழிலில அது பேராசை இல்லை. டீம் விரும்பினால் உன்னை வித்துப்போடும், சில பேருக்குக் காலமை ரேடியோவிலதான் தெரியவரும், அப்ப ஒரு ரசிகரும் "விசுவாசம்" எண்டிற சொல்லை எடுக்கிறேல்ல.

ஆனா ரசிகன்ர பக்கமும் பொய் இல்லை. அந்த சலரி கேப் எண்டிறது ஒரு பானை மாதிரி, ஒருத்தனுக்கு அகப்பை நிறையப் போட்டால் மற்றவனுக்குக் கஞ்சிதான். எங்கட டீமிலயே டவாரஸுக்கு வருஷத்துக்கு 11 மில்லியன், மத்யூஸுக்கு 11.6, பிறகு மார்னருக்குக் கிட்டத்தட்ட 10.9, நைலாண்டருக்கு ஏழுக்குக் கிட்ட. நாலு பேருக்கு 40 மில்லியன். அடுத்த வருஷம் கேப் 81.5. பானையில பாதி நாலு பேருக்கு! மிச்சப் பத்தொன்பது பேர் மிச்சப் பாதியை நக்க வேணும். அதோட 2020 இல கொரோனா வந்து அந்த 81.5 அப்பிடியே ரெண்டு மூண்டு வருஷம் உறைஞ்சு போச்சு. ஏறும் எண்டு எல்லாரும் நம்பின விலை ஏறேல்ல. நல்ல டிஃபென்ஸ் வாங்கக் காசில்லை, கப்புக்கான கடைசிக் கட்டப் போட்டிகளில பெரும்பாலும் தொடக்கத்திலயே வீட்டுக்கு. 2021 இல மொன்றியலுக்கு 3-1 எண்டு முன்னுக்கு நிண்டிட்டுத் தோத்தமே, அதை நான் இண்டைக்குக் கதைக்க மாட்டன், வைத்தியர் வேண்டாம் எண்டிருக்கிறார்.

இப்ப எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் உறைக்கிற ஒண்டு சொல்லப் போறன். மத்யூஸ் கையெழுத்து வைச்சு மூண்டு கிழமைக்குப் பிறகு, 2019 பெப்ரவரி 28, லீஃப்ஸ் நியூயோர்க்குக்குப் போகுது, ஐலண்டர்ஸோட மெட்ச். ஜோன் டவாரஸ் அந்த டீமின்ர கப்டனா இருந்தவன், 2018 யூலை 1 இல ஒப்பந்தம் முடிஞ்ச கையோட சொந்த ஊர் எண்டு ரொறொன்ரோவுக்கு வந்தவன், சின்ன வயசில லீஃப்ஸ் போர்வைக்குள்ள படுத்திருக்கிற படமும் போட்டு. நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்து அழுதனாங்கள், நானும்தான். நியூயோர்க்கு சனம் அண்டைக்கு அவன் பக்கைத் தொடுற ஒவ்வொரு முறையும் ஊளையிட்டது, அவன்ர ஜேர்சியைத் தூக்கி எறிஞ்சது, ஐலண்டர்ஸ் 6-1 எண்டு வெண்டது. நாங்கள் லஞ்ச் ரூமில இருந்து என்ன சொன்னம்? "உந்த நியூயோர்க்காருக்கு நாகரிகம் இல்லை, அவன் ஒப்பந்தத்தை முடிச்சுக் குடுத்திட்டுத்தானே வந்தவன், அவன்ர உரிமை." அதே வாயால, அதே மேசையில, மூண்டு கிழமைக்கு முதல், மத்யூஸ் அஞ்சு வருஷத்துக்குப் பிறகு அதே உரிமையைப் பாவிக்கலாம் எண்டதுக்குத் துரோகி எண்டு கத்தினனாங்கள். வாறவன் சொந்த ஊருக்கு வாறான், போறவன் காசுக்குப் போறான். எங்கட கலியாண வீடுகளில மாப்பிள்ளை பகுதியும் பொம்பிளை பகுதியும் கதைக்கிற மாதிரித்தான்.

குறுகிய ஒப்பந்தம் எண்டால் எல்லா ஊரும் அழும் எண்டும் இல்லை. அதே 2019 செப்டெம்பரில கல்கரியில மத்யூ கச்சக், அவனுக்கும் 21 வயசு, மூண்டே மூண்டு வருஷத்துக்கு, வருஷம் 7 மில்லியன் எண்டு வைச்சான். கல்கரி ஆக்களுக்குச் சந்தோசம், மலிவா முடிச்சிட்டம் எண்டு. மூண்டு வருஷம் ஓடினது. 2022 கோடையில நான் இனி இஞ்ச நீண்ட காலத்துக்கு இருக்கமாட்டன் எண்டிட்டான், கல்கரியே எட்டு வருஷ ஒப்பந்தம் ஒண்டு எழுதிக் குடுத்து ஃப்ளோரிடாவுக்கு மாத்தி விட்டிச்சினம், அவன் அங்க போய் 2024 இலயும் 2025 இலயும் ஸ்டான்லி கப் தூக்கினான். அப்ப நாங்கள் திட்டின அஞ்சு வருஷம் அஞ்சு வருஷமும் நிண்டது, அவை கொண்டாடின மூண்டு வருஷம் கப்போட போச்சு. காசைப் பார்த்துச் சிரிச்சவன் வருஷத்தைப் பார்க்க மறந்திட்டான். நாங்களும் அப்பிடித்தான், வருஷக்கணக்கா 11.634 எண்டு காசைப் பற்றித்தான் கத்தினனாங்கள், ஏன் எண்டால் காசைப் பற்றிக் கத்திறது சுகம். "இவனுக்கு எங்களோட இருக்க விருப்பமில்லையோ" எண்டு கேக்கிறது வெக்கம். வளர்ந்த மனுசன் ஒரு இருபத்தொரு வயசுப் பெடியனைப் பார்த்து அப்பிடிக் கேக்கேலுமோ? அதால எல்லாரும் கல்குலேட்டரை எடுத்தம்.

ஆனா அவன் அந்த அஞ்சு வருஷத்தில சும்மா இருக்கேல்ல. 2021-22 இல 60 கோல், லீக்கின்ர சிறந்த ஆட்டக்காரனுக்குக் குடுக்கிற ஹார்ட் ட்ரொஃபி. 2023-24 இல 69. காசுக்கு வேலை பார்த்தான் எண்டதில எனக்கு ஒரு குறையும் இல்லை. 2023 யூலை 1 வந்தது, புது ஒப்பந்தம் வைக்கலாம், வைக்கேல்ல. யூலை முழுக்க ஊர் ஒரு மாதிரி இருந்தது, பரீட்சை முடிவு வராத வீடு மாதிரி. ஓகஸ்ட் 23 வைச்சான். நாலு வருஷம், வருஷத்துக்கு 13.25 மில்லியன், அந்த நேரம் லீக்கிலயே பெரிய தொகை. அஞ்சு போய் நாலாச்சு, இன்னும் சின்னன்! கோவம் வரவேணும் எண்டு பார்த்தால் ஒருத்தனும் கோவிக்கேல்ல. "அப்பாடா" எண்டு ஒரு மூச்சு. அந்த நியூஃபவுண்ட்லாண்ட்காரர் அப்ப பென்சன் எடுத்திட்டார், எனக்கு ஃபோன் அடிச்சு "2028 வரைக்கும் இருக்கிறான்" எண்டு மட்டும் சொன்னார். நாலு வருஷ முன்னம் "ஏன் எட்டில்லை" எண்டு கேட்ட அதே மனுசன். பழகிட்டுது போல.

இதே கூத்து 2025 ஒக்டோபரில எட்மன்டனில நடந்தது. மக்டேவிட், ரெண்டு வருஷம் தொடர்ந்து ஃபைனலில ஃப்ளோரிடாவிட்டத் தோத்தவன், வயசு 28, வெறும் ரெண்டு வருஷத்துக்கு நீடிச்சிருக்கிறான், அதே பழைய 12.5 க்கு. ஒரு கிழமைக்கு முதல்தான் மினசோட்டாவில கப்ரீஸொவ் வருஷத்துக்கு 17 மில்லியன் எண்டு எட்டு வருஷத்துக்கு வைச்சவன். இவன் கேட்டிருந்தால் அதைவிடக் கூடக் குடுத்திருப்பினம். காசை விட்டுக் குடுத்தான், காலத்தை விட்டுக் குடுக்கேல்ல. அந்த ஊர்ச் சனத்துக்கு நன்றி சொல்லுறதோ பயப்படுறதோ எண்டு தெரியேல்ல. எனக்கு உறவுக்காரர் அங்க இருக்கினம், கேட்டன், "ரெண்டு வருஷம் கப் வாங்கித் தாங்கோ, இல்லாட்டிப் போறன் எண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான் மச்சான்" எண்டான். நல்லா விளங்கி வைச்சிருக்கிறான்.

சிரிக்கிறீங்கள். இந்த மண்டபத்தில இருக்கிற பெரிய ஆக்கள் எத்தினை பேர், இஞ்ச வந்து இறங்கேக்க "ரெண்டு வருஷம் உழைச்சிட்டுத் திரும்பிப் போவம்" எண்டு சொன்னனீங்கள்? கையை உயர்த்துங்கோ. அட, இவ்வளவு பேரோ. என்ர ரெண்டு வருஷத்துக்கு இப்ப முப்பத்திரண்டாவது வருஷம் நடக்குது.

தேத்தண்ணிக்காரத் தம்பி கை காட்டுறார், முடிக்கிறன். ஒண்டு மட்டும். மார்னர் இருக்கிறானே, பக்கத்து மார்க்கம் பெடியன், எங்கட ஊர்ப் பிள்ளை, லீஃப்ஸ் பார்த்து வளர்ந்தவன், அவன் ஒருநாளும் போகமாட்டான் எண்டு நான் மகனுக்குச் சொன்னனான், அவன் ஆறு வருஷ ஒப்பந்தத்தை முடிச்சிட்டு 2025 இல லாஸ் வேகாஸுக்குப் போயிட்டான். மத்யூஸ் போவான் எண்டு சொன்னனான், அவன் இப்ப எங்கட கப்டன். அவன் ஓடிப் போவான் எண்டு நான் வருஷக்கணக்காப் பயந்த அந்த அரிசோனா டீம் இருக்கே, அது 2024 இல மூட்டை கட்டிக்கொண்டு யூட்டாவுக்குப் போயிட்டுது. அங்க இப்ப போய்ச் சேர ஒரு டீமும் இல்லை. மகன் பின்னுக்கு நிக்கிறான், அதே 34 ஜேர்சி, கை கட்டையாப் போச்சு. அவனிட்டக் கேளுங்கோ, அண்டைக்கே சொன்னனான் எண்டு சொல்லுவான். அவன் சொல்லேல்ல. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்.