கோடு தெரிந்தது, பக்கம் தெரியவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் கிளம்பிப் போய்த் திரும்பாத விமானங்கள் ஏராளம். பெரும்பாலானவற்றுக்கு 'கடலில் விழுந்திருக்கும்' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அப்படி மூடிய கோப்பு ஒன்று பதினைந்து வருடம் கழித்துத் திறந்துகொண்டது. அந்த விமானத்தின் பெயர் 'லேடி பி குட்'. அமெரிக்காவின் பி-24 லிபரேட்டர் ரகக் குண்டுவீச்சு விமானம். நான்கு எஞ்சின், ஒன்பது ஆட்கள்.

1943 ஏப்ரல் 4, மத்தியானம். லிபியாவில் பெங்காசிக்குத் தெற்கே சுலூக் என்ற இடத்தில் ஒரு மண் ஓடுதளம். அங்கிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கிவிட்டு இரவோடு இரவாகத் திரும்ப வேண்டும். இருபத்தைந்து விமானங்கள், இரண்டு பிரிவுகள். அன்று பார்த்து மணற்காற்று. கடைசியாகக் கிளம்பியவற்றில் லேடி பி குட்டும் ஒன்று. பின்பிரிவில் பல விமானங்கள் எஞ்சினில் மணல் புகுந்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டன. விமானி வில்லியம் ஹாட்டன் திரும்பவில்லை. ஒரே குழுவாக அந்த ஒன்பது பேருக்கும் அதுதான் முதல் போர்ப் பயணம். முதல் நாளே திரும்பி வந்து நிற்க யாருக்குத்தான் மனசு வரும்?

நேப்பிள்ஸை நெருங்குவதற்குள் இருட்டிவிட்டது. இலக்கு தெரியவில்லை. குண்டுகளைக் கடலில் தள்ளிவிட்டுத் தனியாகத் திரும்பினார்கள். நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் ஹாட்டன் பெங்காசி அருகிலுள்ள பெனினா நிலையத்தை வானொலியில் அழைத்தார். தன் திசையறி கருவி வேலை செய்யவில்லை, திசை சொல்லுங்கள் என்று கேட்டார். பெனினாவிலிருந்து பதில் போனது: 330 பாகை. அதாவது, நீங்கள் எங்களுக்கு வடமேற்கே கடல்மேல் இருக்கிறீர்கள், அப்படியே வாருங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய டிரான்சிஸ்டரில் மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். பெட்டியை ஒரு வாக்கில் வைத்தால் பாட்டு கணீரென்று வரும். கால்வட்டம் திருப்பினால் மங்கிப்போகும். இன்னும் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள், மறுபடி முன்பு மாதிரியே கணீரென்று வரும். ஆக, நிலையம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பெட்டி சொல்லிவிடும். அந்தக் கோட்டில் நமக்கு முன்னாலா பின்னாலா என்பதை மட்டும் சொல்லாது. பெனினாவில் இருந்த வளைய ஆண்டெனாவுக்கும் அதே குணம்தான். வடமேற்கிலிருந்து வரும் அலைக்கும், அதற்கு நேரெதிரே தென்கிழக்கிலிருந்து வரும் அலைக்கும் அது ஒரே எண்ணைத்தான் காட்டும். நேப்பிள்ஸிலிருந்து வரும் விமானம் கடல் பக்கம்தானே இருக்கும்? கருவியில் இருந்தவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். விமானமோ அதற்குள் கரையைத் தாண்டி, பாலைவனத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான். என்னைக் கேட்டால், அந்த அறையில் நாம் யார் உட்கார்ந்திருந்தாலும் அதே எண்ணைத்தான் சொல்லியிருப்போம்.

சுலூக்கில் வாண விளக்குகளை ஏற்றி விட்டார்கள். விமானத்தில் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்னும் கடல் வருகிறது, கரை வரவில்லை என்ற நினைப்பிலேயே தெற்கே, தெற்கே. விடியற்காலை இரண்டு மணி வாக்கில் எரிபொருள் தீர, ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். ஆள் இல்லாத விமானம் தானாகவே இன்னும் இருபத்தாறு கிலோமீட்டர் போய், வயிற்றால் உராய்ந்து மணலில் இறங்கி நின்றது. பின்புறம் உடைந்ததே தவிர, மற்றபடி நல்ல நிலையில்தான் இருந்தது. சுலூக்கிலிருந்து அந்த இடம் சுமார் எழுநூறு கிலோமீட்டர். மறுநாள் தேடியவர்கள் கடலில் தேடினார்கள்.

1958இல் எண்ணெய் தேடி வந்த பிரிட்டிஷ் குழு ஒன்று விமானத்திலிருந்து இதைப் பார்த்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் நில அளவையாளர்கள் தரைவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். துப்பாக்கிகள் சுடும் நிலையில் இருந்தன, வானொலிக் கருவி வேலை செய்தது, குடிக்கத் தண்ணீரும் இருந்தது. ஆட்களும் இல்லை, பாராசூட்டுகளும் இல்லை.

1959 கோடையில் அமெரிக்க ராணுவம் தேடக் கிளம்பியது. வடக்கே போகும் வழியெல்லாம் தடயங்கள் கிடைத்தன. பூட்ஸுகளை அம்புக்குறி போல அடுக்கி வைத்திருந்தார்கள். பாராசூட் துணியைக் கிழித்து விரித்து மேலே கல் வைத்திருந்தார்கள். கடலில் விழுந்தால் மிதப்பதற்கான அங்கிகளும் அந்தப் பாலைவனத்தில் கிடந்தன. அப்புறம் மணல்மேடுகள் தொடங்கின, தடயம் நின்றுபோனது. இதற்கு மேல் தண்ணீரில்லாமல் எவரும் நடந்திருக்க முடியாது என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார்கள்.

நடந்திருந்தார்கள். 1960 பிப்ரவரியில் எண்ணெய்க் கம்பெனி ஆட்களே ஐந்து பேரின் உடல்களைக் கண்டார்கள், விமானம் கிடந்த இடத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே. துணை விமானி ராபர்ட் டோனரின் சின்ன டைரியும் அங்கே இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் சில வரிகள்தான். முதல் நாளில், யாருக்கும் பெரிய அடியில்லை, ஜானை மட்டும் காணவில்லை என்று எழுதுகிறார். ஜான் வொராவ்கா, குண்டு போடுபவர். எட்டுப் பேருக்கும் சேர்த்து அரைக் குடுவை தண்ணீர், ஒரு நாளுக்கு ஆளுக்கு ஒரு மூடி. கால் மணி நேரம் நடை, ஐந்து நிமிடம் ஓய்வு. பகல் நரகம், இரவில் குளிரால் தூக்கமில்லை. வியாழக்கிழமை மணல்மேட்டுக்கு வந்துவிட்டார்கள். வானொலி இயக்குபவர் லாமோட்டுக்குக் கண் போய்விட்டது, மற்றவர்களுக்கும் சரியாக இல்லை. வெள்ளிக்கிழமை ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி கேட்டுத் தனியே போகிறார்கள். மற்ற ஐவரால் நகர முடியவில்லை. சனிக்கிழமை ஓரிரு பறவைகள் கண்ணில் பட்டதையும் எழுதியிருக்கிறார். ஏப்ரல் 12, திங்கட்கிழமை: இன்னும் உதவி வரவில்லை, இரவு கடும் குளிர். அதோடு சரி.

விமானத்தைத் தேடித் தெற்கே போயிருந்தால் தண்ணீரும் வானொலியும் கிடைத்திருக்குமே என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஆளில்லாமல் விட்ட விமானம் அப்படிப் பதமாக இறங்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? எரிந்திருக்கும் என்றுதான் நினைப்போம். கடற்கரை பக்கத்தில்தான் என்றும் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அதற்கு நேர்ப்பாதை வடமேற்கு. ஒன்றுகூடி, தண்ணீரைப் பங்கிட்டு, பின்னால் வருபவர்களுக்கு அடையாளம் வைத்து, ஒரே திசையில் நடந்தார்கள். எழுநூறு கிலோமீட்டர் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

இந்த விமானத்தின் உதிரி பாகங்களைக் கழற்றிப் பொருத்திய வேறு விமானங்களுக்கெல்லாம் ஆபத்து வந்தது என்று ஒரு பேய்க்கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், எனக்கு அதில் நாட்டமில்லை. டோனர் குறித்த அந்த ஒரு மூடித் தண்ணீரைவிட அதில் என்ன இருக்கிறது?

1960 மே மாதம் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் கிடைத்தார்கள். ஐவரும் கிடந்த இடத்திலிருந்து அவர்கள் மேலும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போயிருந்தார்கள், அதுவும் மணல்மேடுகளில். ஆகஸ்டில் வொராவ்காவும் கிடைத்தார். அவருடைய பாராசூட் சரியாக விரியவில்லை, குதித்த இரவிலேயே உயிர் போயிருக்க வேண்டும். அவரது குடுவையில் முக்கால் பாகம் தண்ணீர் இருந்தது.

விமானத்தின் மிச்சத்தை 1994இல் லிபியர்கள் பாலைவனத்திலிருந்து டோப்ருக்குக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். துப்பாக்கி வீரர் வெர்னான் மூர் மட்டும் அமெரிக்க ராணுவத்தின் கணக்கில் இன்னும் காணாமல் போனவராகவே இருக்கிறார்.

வணக்கம்.