பெட்டியில் உள்ளபடியே

நேயர்களுக்கு வணக்கம். பழைய பொம்மைகளைச் சேகரிக்கிறவன் நான். அதிலும் டை-காஸ்ட், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த, கார்கள், லாரிகள் என்றால் உயிர். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வெளிநாட்டு ஆட்களோடு எழுதிப் பழகாமல் முடியாது. நமக்கு வேண்டிய வண்டி லண்டனில் செய்ததாக இருக்கும், ஆனால் ஒசாகாவில் ஒருவருடைய அலமாரியில் இருக்கும். அவரை நாம் பார்த்திருக்க மாட்டோம். எழுத்துக் கூட்டல், தேதி, பெயர் இந்த மூன்றை நம்பித்தான் பணமும் பொம்மையும் கைமாறுகின்றன. மூன்றுமே நாட்டுக்கு நாடு மாறுகின்றன.

மேட்ச்பாக்ஸ் வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் லெஸ்னி கம்பெனி 1953-இல் தொடங்கிய வரிசை அது. ஆரம்பத்தில் உலோகச் சக்கரம் போட்டார்கள். பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக் சக்கரம் வந்தது, அப்புறம் கறுப்பு. ஒரே லாரி, ஒரே பச்சைப் பெயின்ட். சக்கரம் சாம்பலா கறுப்பா என்பதை வைத்து விலை எங்கேயோ போய்விடும். அதனால் விற்பவர் விவரம் எழுதும்போது ஆங்கிலத்தில் 'கிரே' என்ற சொல் கட்டாயம் வரும். பிரிட்டன்காரர் அதை 'ஈ' போட்டு எழுதுவார், அமெரிக்கர் 'ஏ' போட்டு எழுதுவார். 'டயர்' என்பதில் ஒருவருக்கு 'ஒய்', இன்னொருவருக்கு 'ஐ'. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கிற தேடல் பெட்டியில் ஒரு கூட்டலை மட்டும் தட்டினால், அரிய வண்டி கண்ணில் படாமலே போய்விடும். இரண்டு கூட்டலையும் போட்டுத் தேடுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

வண்டியின் பாகங்களுக்கும் இதே கதைதான். நாம் டிக்கி என்கிறோம். பிரிட்டனில் அது பூட், அமெரிக்காவில் டிரங்க். 'டிக்கி திறக்குமா?' என்று நம் பழக்கத்தில் எழுதினால் இரண்டு பேருக்குமே புரியாது. ஜெர்மனியின் மெர்க்லின் பொம்மை ரயில்களைத் தேடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு படி வேலை அதிகம். அந்தப் பெயரில் 'ஏ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. புள்ளி போட வசதி இல்லாதபோது ஜெர்மானியர்கள் அதை 'ஏ', 'ஈ' என இரண்டு எழுத்தாக்குவார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் பலர் புள்ளியை விட்டுவிட்டு வெறும் 'ஏ' போடுவார்கள். ஆக ஒரு பெயருக்கு மூன்று கூட்டல்.

எழுத்தாவது பரவாயில்லை, முன்பின் இருந்தாலும் ஊகித்துவிடலாம். தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். 03/04/1985 என்று ஒரு ரசீது வருகிறது. நமக்கும் பிரிட்டனுக்கும் அது ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. நாள் 12-ஐத் தாண்டிவிட்டால் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும், 13-வது மாதம் கிடையாதே. ஆனால் ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்கள் இருக்கின்றன. நாளும் மாதமும் ஒரே எண்ணாக வருகிற 12 தேதிகளைக் கழித்தாலும், ஒரு வருடத்தில் 132 தேதிகளை இரண்டு விதமாகப் படிக்க முடியும். ஏலம் முடிகிற நாள், பணம் கட்டக் கெடு, பார்சல் அனுப்பிய நாள் என எதுவும் இந்த 132-க்குள் விழலாம்.

ஜப்பான் ரசீது இன்னும் ஒரு சுற்று. அங்கே ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். அதோடு பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்தும் ஆண்டை எண்ணுவார்கள். ஷோவா காலம் 1926-இல் தொடங்கியது. அந்த வருடமே முதலாம் ஆண்டு. எனவே ஷோவா எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். பழைய பெட்டியோடு வரும் உத்தரவாதச் சீட்டில் 60.4.3 என்று முத்திரை இருந்தால், அவசரப்பட்டு 1960 என்று எழுதிவிடக் கூடாது. அது 1985 ஏப்ரல் 3. சீட்டில் இருபத்தைந்து வருடம் முன்னால் போனால் பொம்மையின் வரலாறே பொய்யாகிவிடும்.

பொம்மையின் மேலேயே அச்சாகியிருக்கிற ஆண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வண்டியாகவும் ரோபோவாகவும் மாற்றக்கூடிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1984-இல். ஆனால் அதில் சில ரோபோக்களின் உடம்பில் 1974 என்று இருக்கும். ஜப்பானின் டகாரா கம்பெனி 1974-இல் கொண்டுவந்த மைக்ரோமேன் வரிசையின் வழியாக வந்தவை அவை. அங்கே இருப்பது உரிமை பதிந்த ஆண்டு, விற்பனைக்கு வந்த ஆண்டு வேறு. இதைத் தெரிந்தே '1974 மாடல்' என்று விலை ஏற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் கோபமே வரும்.

இனி பெயர்கள். அமெரிக்கப் பெட்டியில் ஆப்டிமஸ் பிரைம் என்று இருக்கிற சிவப்பு லாரி ரோபோ, ஜப்பான் பெட்டியில் கன்வாய். சீனாவில் அதற்கு வானத்தைத் தாங்கும் தூண் என்று பெயர். அமெரிக்காவின் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மை 1966-இல் பிரிட்டனுக்குப் போனபோது ஆக்‌ஷன் மேன் ஆனார். ஹங்கேரியில் மாயக் கனசதுரம் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய புதிருக்கு, 1980-இல் அமெரிக்கக் கம்பெனிதான் ரூபிக் கியூப் என்று பெயர் வைத்தது. டிங்கி பொம்மைக் கார்களை வார்க்கிற அச்சுகள் பிரிட்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தபோது, அடித்தகட்டில் இருந்த டிங்கி என்ற எழுத்தை மாற்றி நிக்கி என்று போட்டார்கள். காரைத் திருப்பிப் பிடித்து, அந்த இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அந்த ஒரு சொல்தான் அது எந்த ஊரில் வார்க்கப்பட்டது என்று சொல்கிறது.

இதனால்தான் என் பதிவேட்டில் இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் பொம்மையிலும் பெட்டியிலும் சீட்டிலும் என்ன இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். கூட்டல் விநோதமாக இருந்தாலும் திருத்த மாட்டேன். அடுத்த கட்டத்தில்தான் என் வசதிக்கான பெயரும், மாதத்தை எழுத்தில் எழுதிய தேதியும். 'சரியான பெயர்' என்று ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் போட்டு வைக்கிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஜப்பான் பெட்டியை ஆப்டிமஸ் என்று பதிந்துவிட்டால், நாளைக்கு அந்தத் தொகுப்பு வேறு கைக்குப் போகும்போது அது எந்த நாட்டுப் பதிப்பு என்று யாருக்குத் தெரியும்?

மனிதர்களின் பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ரூபிக் கியூபைக் கண்டுபிடித்தவரின் பெயரில் ரூபிக் என்பது குடும்பப் பெயர், எர்னோ என்பது அவருடைய சொந்தப் பெயர். ஹங்கேரியில் ரூபிக் எர்னோ என்றுதான் சொல்வார்கள். ஜப்பானிலும் குடும்பப் பெயர் முதலில். கடிதத்தில் கடைசியாக இருக்கிற பெயரைப் பார்த்து 'மிஸ்டர்' போட்டால் பாதி நேரம் தவறாகிவிடும்.

நம் பெயர்களோ அவர்களுக்குப் பெரும் புதிர். கு. முருகேசன் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் குமாரசாமி. குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராது என்பதால் அப்பா பெயரை அங்கே போடுகிறார். பார்சல் 'குமாரசாமி' என்று வருகிறது. கையில் இருக்கும் அடையாள அட்டையில் 'முருகேசன் கு'. தபால்காரர் தயங்காமல் என்ன செய்வார்? இதற்கு நான் கண்ட வழி, பணம் அனுப்பும் முன்பே அட்டையில் உள்ள பெயரை அதே வரிசையில், அதே கூட்டலில் அனுப்பி, 'மேலுறையில் இப்படியே எழுதுங்கள்' என்று கேட்டுவிடுவது. கூடவே, 'உங்கள் பெயரை எப்படி எழுதட்டும்?' என்றும் கேட்பேன். அநேகமாக எல்லோரும் சந்தோஷமாகப் பதில் போடுகிறார்கள். சிலர் அதோடு தங்கள் ஊரில் அந்தப் பொம்மையை என்ன பெயர் சொல்லி விளையாடினார்கள் என்றும் எழுதுகிறார்கள். அந்தப் பெயருக்காகவே என் பதிவேட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.