யானை பாயில் படுத்திருக்கு!

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியில் தைரியமாக உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

‘மனம்விட்டுச் சிரிக்க வைப்பது அன்றைய மேடை நாடகமா, இன்றைய டிவி காமெடியா’ என்பது தலைப்பு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதில் ஆரம்பித்து, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய நாடக நடிகர் கிட்டப்பா வரைக்கும் நாலு பக்கம் குறிப்பு எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். அது பையிலேயே இருக்கட்டும். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள், ‘நாடகத்துக்குப் பாயும் தலையணையும் எடுத்துப் போனதே தூங்கத்தானே’ என்று. நீங்களும் கை தட்டினீர்கள். நடுவர்கூடச் சிரித்தார், நான் பார்த்தேன்.

தூங்கினோம் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கிற நாடகம், பகலெல்லாம் நாற்று நட்ட உடம்பு, தூங்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்தத் தூக்கத்துக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். மாரியம்மன் திருவிழாவுக்கு வள்ளி திருமணம். எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இலேயே போய்விட்டார், நாடகம் இன்னும் போகவில்லை. ஸ்பெஷல் நாடகம் என்றால் கதாநாயகன் ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகி ஸ்திரீபார்ட் ஒரு ஊர், கோமாளி பபூன் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது, பவுடர் பூசும்போதுதான் ‘நீங்கதான் முருகனா?’ என்று கேட்டுக்கொள்வார்கள். விடியற்காலை மூன்று மணி. கிழவன் வேஷத்தில் முருகன், வள்ளி மசியவில்லை, சரி அண்ணன்தான் கதி என்று விநாயகரை யானையாக வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் எங்கள் அப்பத்தா விட்டது ஒரு குறட்டை. கர்ர்ர்ர்... ஆர்மோனியக்காரர் தன் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று குனிந்து பார்க்கிறார்!

பக்கத் திரையிலிருந்து பபூன் தலையை நீட்டினார். ‘சாமி, கூப்பிடாதே! யானை அப்பவே வந்துருச்சு, இந்தா பாயில படுத்திருக்கு!’ யானைக்குப் பயந்து கிழவனிடம் ஓட வேண்டிய வள்ளி, சிரிப்புத் தாங்காமல் திரைக்குள் ஓடிவிட்டது. இருங்கள், நீங்கள் சிரித்ததில் தம்பிக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தரம் சொல்கிறேன். கர்ர்ர்ர்... ‘யானை பாயில படுத்திருக்கு!’ ஊர் சிரித்த சத்தத்தில் அப்பத்தா விழித்து, ‘என்னடா, கல்யாணம் முடிஞ்சிருச்சா?’ என்றது. பபூன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ‘நீ எந்திரிக்கட்டும்னுதான் ஆத்தா தாலியோட நிக்கிறோம்!’

உங்கள் டிவியில்? 1950களில் அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்றொரு ஒலிப் பொறியாளர், ஜனங்களின் சிரிப்பைப் பதிவு செய்து ஒரு பெட்டிக்குள் அடைத்தார். கட்டையை அழுத்தினால் சிரிப்பு வரும். அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே ஜோக் முடிவதற்குள்ளே ‘ஹஹஹா’ என்கின்றன. சோபாவில் நாம் விடுகிற குறட்டைக்கு எந்தக் காமெடியன் தலையை நீட்டி ‘ஆத்தா’ என்று கூப்பிடுகிறார்? ரிமோட் கீழே விழுந்தால்தான் உண்டு.

மணியில் கை வைக்காதீர்கள் நடுவரே, ஒரு நிமிஷம். மறுவருஷமும் அதே பபூன்தான் வந்தார். மேடை ஏறியதும் முன்வரிசையைப் பார்த்து, ‘எங்கப்பா நம்ம யானை?’ என்றார். யாரும் பேசவில்லை. அப்பத்தா தை மாதமே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பாதான் வானத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அப்புறம் நாடகம் நடந்தது. மூன்று மணிக்கு முருகன் அண்ணனைக் கூப்பிடுகிறார், திரைக்குப் பின்னாலிருந்து மைக்கில் வருகிறது, கர்ர்ர்ர்... அச்சு அசல் அப்பத்தா. ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே.

சரி, இப்போது மணியை அடியுங்கள்.