மகனுக்கு என்ன வயசு? இத்தாலியக் கிராமத்துக் கைம்பெண்களும் வார நிலமும்

வணக்கம் நண்பர்களே. இன்று இத்தாலியின் டஸ்கனி பகுதிக்குப் போகிறோம். காலம் 1300-களும் 1400-களும். அந்தக் காலத்து ஃப்ளோரன்ஸ் என்றாலே வங்கிகள், ஓவியர்கள், மெடிச்சி குடும்பம் என்று பேச்சு போய்விடும். அந்த நகரத்துக்குக் கோதுமையும் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் அனுப்பிய கிராமங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கே ஒரு பெண் கணவனை இழந்தால் அவள் கதி என்ன? இந்த வீடியோ முழுக்க அதுதான்.

முதலில் திரையில் இருக்கும் இந்தச் சுவரோவியத்தைப் பாருங்கள். சியேனா நகர மன்ற மாளிகையில் அம்ப்ரோஜோ லோரென்செத்தி 1338, 1339-ல் வரைந்தது. நல்லாட்சி நடந்தால் நாட்டுப்புறம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறார். கோதுமை அறுக்கிறார்கள், கதிரடிக்கிறார்கள். வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றி ஒன்றை நகரத்துப் பக்கம் ஓட்டிப் போகிறான் ஒருவன். மேலே பறக்கும் பெண் உருவம் 'பாதுகாப்பு'. ஒரு கையில் வாசகச் சுருள், எல்லோரும் பயமில்லாமல் நடக்கலாம், உழுது விதைக்கலாம் என்கிறது. இன்னொரு கையில் தூக்குமரம், அதில் ஒரு பிணம் தொங்குகிறது. அழகான படம்தான். ஆனால் இது வரைய வைத்தவர்களின் கண் வழியே பார்த்த கிராமம். அந்த வயலில் குனிந்து நிற்பவர்கள் எந்த ஏற்பாட்டில் உழைத்தார்கள் என்று படம் சொல்லாது.

அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் மெட்ஸாத்ரியா. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவனுக்கு. நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு விடுவோமே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் கவனியுங்கள். அங்கே கொடுப்பது வெறும் வயல் இல்லை. 'பொதேரே' என்று ஒரு முழுப் பண்ணை. நடுவில் வீடு, சுற்றிலும் கோதுமை நிலம், திராட்சை, ஆலிவ். குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். விதையில் பெரும்பாலும் பாதி நிலக்காரர் தருவார். உழவு மாடு வாங்கக் கடனும் தருவார். அந்தக் கடன்தான் பிறகு கழுத்தைப் பிடிக்கும். வருஷத்துக்கு இவ்வளவு நீளம் வாய்க்கால் வெட்ட வேண்டும், எரு போட வேண்டும், வேறு யார் நிலத்திலும் கூலிக்குப் போகக் கூடாது. அது போக முட்டையும் காயடித்த சேவலும் நிலக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒப்பந்தக் காலமோ சில வருஷங்கள்தான்.

நிலக்காரர்களில் நிறையப் பேர் நகரத்து வணிகர்கள். பண்ணைக்கு ஆள் எடுக்கும்போது அவர்கள் எண்ணியது கைகளை. ஏர் பிடிக்க எத்தனை ஆண்கள், களையெடுக்கவும் அறுக்கவும் எத்தனை பெண்கள், சாப்பிட மட்டும் எத்தனை வாய்கள். அதனால்தான் டஸ்கனி கிராமங்களில் அப்பா, மகன்கள், மருமகள்கள் என்று கூட்டுக் குடும்பங்கள் அத்தனை இருந்தன. குடும்பத் தலைவனுக்கு 'கபோச்சா' என்று பெயர். வீட்டு நிர்வாகம், கோழி, நூல் நூற்பது, துணிமணி எல்லாம் 'மஸ்ஸாயா' என்ற பெண்ணின் பொறுப்பு. பாதி உழைப்பு பெண்களுடையது. ஆனால் ஒப்பந்தத்தில் நிற்பது கபோச்சாவின் பெயர்.

சரி, கணவன் செத்துப் போகிறான். 1348 கொள்ளைநோய்க்குப் பிறகு அந்த நோய் திரும்பத் திரும்ப வந்த காலம். லட்சம் பேர் அளவுக்கு இருந்ததாகக் கருதப்படும் ஃப்ளோரன்ஸ் நகரில் 1427-ல் சுமார் 37,000 பேர்தான். கிராமங்களும் காலியாகின. உழ ஆள் இல்லாமல் கூலி ஏறியது. கூலியைக் கட்டுப்படுத்தவும் உழவர்களை நிலத்தோடு பிடித்து வைக்கவும் அரசு சட்டம் போட்டது. உழைப்பவனுக்குக் கொஞ்சம் பேரம் பேச முடிந்த காலம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த பேரம் ஆண்கள் இருந்த வீட்டுக்குத்தான்.

சட்டப்படி கைம்பெண்ணுக்கு ஒரு உரிமை உறுதியாக இருந்தது. கொண்டு வந்த சீதனத்தைத் திரும்பக் கேட்கலாம். பிறந்த வீட்டுக்குத் திரும்பும் உரிமையும் உண்டு, அதை 'தோர்னாத்தா' என்றார்கள். ஆனால் பிள்ளைகள் அப்பாவின் வம்சத்துக்குச் சொந்தம். மறுமணம் செய்துகொண்டு போனால் பொதுவாகப் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பல கணவர்கள் உயிலில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: மறுமணம் செய்யாமல், சீதனத்தையும் கேட்காமல், பிள்ளைகளோடு இருந்தால் ஆயுள் முழுக்க வீட்டில் இருந்து சாப்பிடலாம். பிள்ளைகளா, சீதனமா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்க வைக்கும் இந்த நிபந்தனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இன்னொன்று, ஃப்ளோரன்ஸ் சட்டத்தில் ஒரு பெண் தன் சொத்தை விற்கவோ ஒப்பந்தம் போடவோ பக்கத்தில் ஒரு ஆண் சம்மதம் சொல்ல வேண்டும். அவனுக்கு 'முந்துவால்தோ' என்று பெயர். பல சமயம் அது வெறும் சடங்குதான், ஆனாலும் அவன் இல்லாமல் பத்திரம் செல்லாது.

இதெல்லாம் சொந்தமாக ஏதாவது இருக்கிற குடும்பத்துக்கு. வாரக்காரன் மனைவிக்கு இந்த உயிலெல்லாம் எந்த மூலைக்கு? வீடே நிலக்காரருடையது. அதனால் அங்கே முதல் கேள்வி சொத்துரிமை இல்லை என்று நினைக்கிறேன். முதல் கேள்வி, மூத்த மகனுக்கு என்ன வயசு? பதினெட்டு, இருபது என்றால் அவன் ஏர் பிடிப்பான், ஒப்பந்தம் தொடரும், அம்மா மஸ்ஸாயாவாக இருப்பாள். எட்டு வயசு என்றால் அந்தப் பண்ணையில் அவர்கள் நீடிப்பது கஷ்டம். கொழுந்தன் சேர்த்துக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு குடும்பம் வந்துவிடும், மாட்டுக் கடன் மட்டும் பாக்கி நிற்கும். பெண்களுக்குப் பதினெட்டு வயசு வாக்கில் கல்யாணம், ஆண்களுக்குக் கிராமத்தில் இருபத்தைந்து வாக்கில். கணவன் சீக்கிரம் போனால் பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகளாகத்தான் இருப்பார்கள்.

அப்புறம் பிழைப்பு? அறுவடைக்கும் திராட்சை பறிக்கவும் கூலி வேலை, ஆண் கூலியை விடக் குறைவாக. அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவது. நகரத்து வியாபாரிகளுக்கு நூல் நூற்பது. கைக்குழந்தை இருந்தால் நகரத்துப் பிள்ளைக்குச் சம்பளத்துக்குப் பால் கொடுப்பது. 1445-ல் ஃப்ளோரன்ஸில் திறந்த இன்னொசெந்தி அனாதைக் குழந்தைகள் இல்லமும் குழந்தைகளைக் கிராமத்துத் தாய்மார்களிடம்தான் அனுப்பி வளர்த்தது.

சொந்தத் துண்டு நிலம் வைத்திருந்த கைம்பெண்களும் உண்டு. சீதனத்தைத் திருப்பித் தரப் புகுந்த வீட்டில் ரொக்கம் இல்லாதபோது, பதிலுக்கு ஒரு துண்டு வயலோ திராட்சைத் தோட்டமோ எழுதிக் கொடுப்பார்கள். நிலம் வந்துவிட்டது, உழ மாடு எங்கே? அவளும் அதை வாரத்துக்கோ குத்தகைக்கோ விடுவாள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஆடோ மாடோ வாங்கி வேறொருவரிடம் வளர்க்க விட்டு, ஈனும் குட்டியைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. 'சோச்சிதா' என்பார்கள். ஏரே பிடிக்காமல் வருமானம் தேடிய இந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

இவர்களைப் பற்றி இவ்வளவு தெரியக் காரணம் 1427-ல் ஃப்ளோரன்ஸ் தொடங்கிய 'கதாஸ்தோ' என்ற வரிக் கணக்கெடுப்பு. நகரம் மட்டுமில்லை, ஃப்ளோரன்ஸ் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களும் கிராமங்களும் சேர்த்து சுமார் 60,000 குடும்பங்கள், 2,60,000 பேர். நிலம், அதன் எல்லை, மாடு, கடன், ஒவ்வொருவர் வயசு என்று எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். நகரத்தில் வயது வந்த பெண்களில் நாலில் ஒருவர் விதவை என்பது அதிலிருந்து தெரிந்ததுதான். அந்தப் பதிவில் வாரக்காரன் இரண்டு இடத்தில் வருவான். ஒன்று அவனுடைய சொந்தக் கணக்கு. இன்னொன்று நிலக்காரரின் கணக்கு: பண்ணையை உழுவது இன்னார், அவனுக்கு மாட்டுக்காகக் கொடுத்த கடன் இவ்வளவு. அவன் இறந்துவிட்டால் நிலக்காரரின் கணக்கில் வேறொரு உழவன் பெயர் வந்துவிடும். அவன் மனைவியைத் தேட வேண்டுமானால் ஊர்க் கணக்கைத்தான் புரட்ட வேண்டும். அங்கே 'மோன்னா' என்று, நம் 'திருமதி' மாதிரி ஒரு மரியாதைச் சொல்லோடு தொடங்கி அவள் பெயர், பிறகு இறந்துபோன இன்னாரின் மனைவி, வயசு, பிள்ளைகள், பல இடங்களில் சொத்து எதுவும் இல்லை என்று முடியும்.

இந்த வார முறை எத்தனை காலம் நீடித்தது என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். புதிய மெட்ஸாத்ரியா ஒப்பந்தம் போடக் கூடாது என்று இத்தாலி சட்டம் போட்டது 1964-ல். மிச்சமிருந்த பழைய ஒப்பந்தங்களைக் குத்தகையாக மாற்ற 1982-ல் இன்னொரு சட்டம் வந்தது. கபோச்சா, மஸ்ஸாயா என்ற முறையில் வளர்ந்தவர்கள் டஸ்கனியில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த வீடியோவில் அந்தக் கடைசித் தலைமுறையைப் பற்றிப் பேசுகிறேன்.